பலேனோவுக்குப் பனிக்கால டயர் வாங்கலாமா?

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தரம் படித்தேன். கோயம்புத்தூரிலிருந்து ஜோகன்னஸ்பர்க் வந்து இரண்டு வருஷம், கையில் சுசுகி பலேனோ, ஜூலைப் பள்ளி விடுமுறையில் (இங்கே அதுதான் குளிர்காலம்) மனைவி, இரண்டு பிள்ளைகளோடு லெசோத்தோவில் ஆஃப்ரிஸ்கி பனிச்சறுக்கு விடுதிக்குப் போய்ப் பிள்ளைகளுக்குப் பனி காட்ட வேண்டும். ஐரோப்பாக் குடும்பம் ஒன்று ஊர் திரும்பும்போது விட்டுப்போன நாலு பனிக்கால டயர் ரிம்மோடு 6,500 ராண்டுக்கு வாட்ஸ்அப்பில் வருகிறது, அதை வாங்கலாமா, இல்லை புதுசாகவே வாங்கணுமா, என்ன அளவு என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்டது டயரைப் பற்றி. உங்களுக்கு உண்மையில் தெரிய வேண்டியது, அந்தச் சின்ன வண்டியில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு அந்த மலைக்குப் போய்ப் பத்திரமாகத் திரும்பலாமா என்பதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. டயருக்கான பதில் சுலபம்: அந்த 6,500 ராண்டு சரக்கை வாங்காதீர்கள். இரண்டாவது கேள்விக்குத்தான் கொஞ்சம் நீட்டிப் பேச வேண்டியிருக்கிறது.

நான் பீட்டர்மாரிட்ஸ்பர்கில், என்3 நெடுஞ்சாலையை ஒட்டி ஒரு டயர் கடையில் 19 வருஷமாக வேலை பார்க்கிறேன். அதற்கு முன்னால் அக்கா வீட்டை நம்பிக் கனடா போய், ஒண்டாரியோவில் பாரி என்ற ஊரில் இரண்டு குளிர்காலம் டயர் மாற்றுகிற பட்டறையில் நின்றேன். அங்கே அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரைக்கும் வேறு வேலையே கிடையாது, கோடை டயரைக் கழற்று, பனி டயரை மாட்டு, அடுத்த வண்டி, விரல் நுனியெல்லாம் வெடித்துப் போகும். ஆகையால் எந்த ரிம் எந்த வண்டிக்குப் பொருந்தும், எந்த டயர் எங்கே தேயும் என்பதெல்லாம் கைப்பழக்கம். பனியில் ஓட்டுவதில் அந்த அளவுக்கு மார் தட்ட மாட்டேன். கனடாவில் பஸ்ஸில்தான் வேலைக்குப் போய் வந்தேன், லெசோத்தோ மலைக்குச் சொந்த வண்டியில் போனது மூன்றே தடவை, அதில் ஒரு தடவை மானம் போயிற்று. அதை அப்புறம் சொல்கிறேன்.

நீங்கள் போட்டிருக்கிற படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். ரிம்மில் எத்தனை ஓட்டை? ஐந்து. உங்கள் பலேனோ சக்கரத்தில் எத்தனை நட்டு? நாலு. கதை அங்கேயே முடிந்தது. நடு மூடியில் இருக்கிற சின்னத்தைப் பார்த்தால் அது ஃபோக்ஸ்வாகன் ரிம், அநேகமாகப் போலோவிலிருந்து கழற்றியது. போலோவுக்கு 100 மில்லிமீட்டர் வட்டத்தில் ஐந்து ஓட்டை, நடு ஓட்டை 57.1 மில்லிமீட்டர். பலேனோவுக்கு அதே 100 வட்டத்தில் நாலு ஓட்டை, நடு ஓட்டை 54.1. போலோவில் போல்ட், சக்கரம் மாட்டுகிற ஹப்புக்குள் போய் முறுக்கிக்கொள்ளும், சுசுகியில் ஹப்பிலிருந்து ஸ்டட் நீட்டிக்கொண்டிருக்கும், அதன் மேல் நட்டு. விற்கிறவர் "அடாப்டர் போட்டுத் தருகிறேன்" என்று சொன்னாலும் சொல்வார். பிள்ளைகள் ஏறுகிற வண்டியில் அந்த வேலையே வேண்டாம், அடாப்டர் தடிமனுக்குச் சக்கரம் வெளியே தள்ளி நிற்கும், பேரிங் மேல் பாரம் மாறும், ஒழுங்கான கடை எதுவும் அதை மாட்டித் தராது.

சரி, ரிம்மைத் தூக்கிப் போட்டுவிட்டு டயரை மட்டும் எடுத்துக்கொள்ளலாமா? டயர் ஓரத்தில் 185/65 ஆர் 15, 88 டி என்று இருக்கிறது. அளவு மோசமில்லை, அது ஏன் என்று கீழே கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஆனால் இரண்டாவது படத்தில் நீள்வட்டத்துக்குள் நாலு எண் தெரிகிறதே, 4117, அதைக் கவனித்தீர்களா? முதல் இரண்டு எண் வாரம், அடுத்த இரண்டு எண் வருஷம். 2017-ஆம் வருஷம் 41-ஆவது வாரம், அதாவது அக்டோபர் மாதம் செய்த டயர். எட்டு வருஷம் வாக்கில் ஆகிறது. "இரண்டு குளிர்காலம்தான் ஓடியது" என்று அவர் சொல்வது நிஜமாகவே இருக்கலாம், பட்டன் (டயர் மேல் துருத்தி நிற்கிற ரப்பர் கட்டை) ஆழமாகத்தான் தெரிகிறது, ஆனால் ரப்பருக்கு ஓடினால்தான் வயசாகும் என்று கிடையாது, சும்மா கிடந்தாலும் இறுகும். பனிக்கால டயரை வாங்குவதே அந்த ரப்பர் மெத்தென்று இருப்பதற்காக. இங்கே வெயிலில் ஷெட்டில் கிடந்த எட்டு வருஷ டயர் என்றால் நீங்கள் வாங்குவது பனிக்கால டயரின் பூவேலையை மட்டும்தான். கட்டை விரல் நகத்தால் பட்டனை அழுத்திப் பார்ப்பது எங்கள் பழக்கம். புது டயரில் நகம் பதிந்து மெல்ல எழும், கிழட்டு டயரில் நகம்தான் வலிக்கும்.

இந்த டயர் என்ன செய்கிறது என்று தெரிந்தால்தான் மீதி விளங்கும். நாம் ஓட்டுகிற சாதாரண டயரின் ரப்பர் குளிர ஆரம்பித்தால் விறைக்கும், சாலையின் சொரசொரப்பைப் பிடித்துக்கொள்ள அதற்கு இணக்கம் போதாது. 7 டிகிரிக்குக் கீழே பனிக்கால டயர் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். அது உத்தேசக் கணக்கு, 8 டிகிரியில் நல்ல டயர் 6 டிகிரியில் கெட்டுப் போய்விடாது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறையும். பனிக்கால டயரில் சிலிக்கா கூட்டி, குளிரிலும் வளைகிற மாதிரி ரப்பர் சேர்ப்பார்கள். அப்புறம் ஒவ்வொரு பட்டனிலும் பிளேடால் கீறினது போல நெளிநெளியாக நிறைய வெட்டு இருக்கும், சக்கரம் உருளும்போது அவை திறந்து மூடி பனியைக் கவ்வும். பட்டனுக்கு இடையில் பனி அடைத்துக்கொண்டு நிற்பதும் குறை கிடையாது, பனியைப் பனி பிடிக்கும், பிள்ளைகள் பனி உருண்டை பிடிப்பதைப் பார்த்தால் தெரியும். பட்டன் 4 மில்லிமீட்டருக்குக் கீழே வந்துவிட்டால் இந்த வித்தையெல்லாம் போய்விடும், ஆஸ்திரியாவில் சட்டமே பனி டயருக்கு 4 மில்லிமீட்டர் கேட்கிறது.

டயர் ஓரத்தில் "எம்+எஸ்" என்று இருந்தால் அதை நம்பி ஏமாறாதீர்கள். சேறும் பனியும் என்று பெயரே தவிர, அது பட்டன் அமைப்பைப் பற்றிக் கம்பெனி தானே போட்டுக்கொள்கிற முத்திரை, இங்கே பக்கி என்கிற பிக்கப் வண்டிகளில் ஓடுகிற முரட்டு டயர் பலவற்றில் அது இருக்கும். மூன்று சிகரம் உள்ள மலைக்குள் ஒரு பனிப்பூ வரைந்த சின்னம் இருந்தால்தான் பனியில் சோதித்துத் தேறிய டயர். ஜெர்மனியில் 2024 அக்டோபரிலிருந்து வெறும் எம்+எஸ் டயரைக் குளிர்கால டயர் என்று ஏற்றுக்கொள்வதில்லை. ஆனால் அந்தச் சோதனையும் அழுத்தமான பனியில் வண்டி எவ்வளவு இழுக்கிறது, நிற்கிறது என்பதைத்தான் பார்க்கிறது. வளைவில் எப்படித் திரும்புகிறது, ஐஸ் மேல் என்ன ஆகிறது என்பதற்கு அந்தப் பூ உத்தரவாதம் தராது.

இங்கே நம் தமிழே கொஞ்சம் சதி செய்கிறது. மார்கழி விடிகாலையில் புல் மேல் இருப்பதும் பனி, ஊட்டியில் ஜனவரியில் மைதானம் வெளுத்துக் கிடப்பதும் பனி, மலை மேல் முழங்கால் ஆழத்துக்குக் கொட்டிக் கிடப்பதும் பனி. டயருக்கு இவை மூன்றும் வேறு வேறு. புதுசாக விழுந்த பனியில் நல்ல டயருக்குப் பிடிமானம் உண்டு. அது பகலில் உருகித் தார் மேல் வழிந்து, ராத்திரி மறுபடி உறைந்தால் கண்ணாடி மாதிரி ஒரு படலம் நிற்கும், கருப்பு ஐஸ் என்பார்கள். கீழே இருக்கிற தாரின் கருப்பு அப்படியே தெரிவதால் ஈரமான சாலை போலத்தான் இருக்கும். உத்தேசமாகக் கணக்குப் பாருங்கள்: 50 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் போட்டால் காய்ந்த தாரில் 12 மீட்டரில் நிற்கிற வண்டி, மிதிபட்ட பனியில் 50 மீட்டர் வாக்கில் போகும், ஐஸில் 100 மீட்டர். 30-ல் போனால் ஐஸில் 35 மீட்டர். டயரை மாற்றிச் சம்பாதிப்பதைவிட வேகத்தைக் குறைத்துச் சம்பாதிப்பது அதிகம், அதற்குச் செலவும் இல்லை.

நான் மானம் கெட்டதும் ஐஸில்தான். ஆறேழு வருஷம் முன்னால் ஒரு ஜூலை மாதம், மச்சினன் குடும்பம் டர்பனில் சாட்ஸ்வொர்த்திலிருந்து வந்திருந்தது, எல்லாரையும் ஏற்றிக்கொண்டு, ஆஃப்ரிஸ்கி போகிற வழியில் இருக்கிற மோட்டெங் கணவாய் ஏறினேன். நானே கடையில் தேர்ந்தெடுத்து மாட்டின புது டயர், 7 மில்லிமீட்டருக்கு மேல் பட்டன், அந்தத் திமிர் இருந்தது. காலை எட்டரை இருக்கும், வானம் நீலமாக, சாலை காய்ந்து, பனி ஓரத்தில் மட்டும் அழுக்காகக் குவிந்திருந்தது. ஒரு கொண்டை ஊசி வளைவின் உள்பக்கம் மலை நிழல். அந்த நிழலுக்குள் சக்கரம் நுழைந்ததும் ஸ்டியரிங் சட்டென்று லேசாகிவிட்டது, வெண்ணெய்க்குள் கத்தி போன மாதிரி. சக்கரம் திரும்பியிருக்கிறது, வண்டி நேராகப் போகிறது. பிரேக்கை மிதித்தால் ஏ.பி.எஸ். கடகடவென்று காலில் உதைக்கிறது, வேகம் குறையவே இல்லை. இருபது கிலோமீட்டர் வேகம்கூட இருக்காது. ஓரத்தில் இருந்த பனிக் குவியலில் மெத்தென்று போய் மோதி நின்றோம், எதிரே லாரி ஏதும் வராததால் இன்றைக்கு இதை எழுதுகிறேன். மச்சினன் மனைவி முருகா முருகா என்றதைத் தவிர யாரும் பேசவில்லை. இறங்கினேன், வண்டிக்குப் பக்கத்திலேயே வழுக்கி உட்கார்ந்தேன். கம்பளி போர்த்திக் குதிரையில் வந்த பெரியவர் ஒருவர் பாறை இடுக்கிலிருந்து கையால் மண் அள்ளிச் சக்கரத்துக்கு முன்னால் தூவினார், அதன் மேல் ஏறித்தான் வெளியே வந்தோம். அந்த இடத்தில் உயர்ந்த ரகப் பனி டயர் இருந்திருந்தால் நின்றிருக்குமா? கொஞ்சம் முன்னால் நின்றிருக்கலாம். நிச்சயமாக நின்றிருக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், ஐஸில் சத்தியமாகப் பிடிப்பது ஆணி வைத்த டயரும், டயர் மேல் சுற்றுகிற சங்கிலியும்தான்.

இப்போது உங்கள் பயணத்தைப் பாருங்கள். ஜோகன்னஸ்பர்கில் ஜூலை மாதம் பகலில் 17 டிகிரி, ராத்திரி 4 டிகிரி வாக்கில் இருக்கும். நாலரை, ஐந்து மணி நேர ஓட்டத்தில் ஃப்ரீ ஸ்டேட் வழியாக ஃபோரிஸ்பர்க், கலெடன்ஸ்பூர்ட் எல்லை, புத்தா-புத்தே வரைக்கும் அநேகமாகக் காய்ந்த சாலை. அதற்கப்புறம்தான் மோட்டெங் 2,820 மீட்டர், பிறகு மஹ்லாசேலா 3,222 மீட்டர், அதைத் தாண்டி 3,050 மீட்டரில் ஆஃப்ரிஸ்கி. கொல்லிமலை எழுபது வளைவையும் ஓட்டினவன் என்று எழுதியிருக்கிறீர்கள், வளைவு உங்களுக்குப் பிரச்சினை இல்லை, ஆனால் கொல்லிமலை உச்சியில் ஐஸ் கிடையாது. ஆஃப்ரிஸ்கி வரைக்கும் சாலை முழுக்கத் தார்தான். (சானி கணவாய் வழியாகப் போகலாமே என்று யாராவது ஆசை காட்டினால் காதில் வாங்காதீர்கள், தென்னாப்பிரிக்கப் பக்கம் நாலு சக்கரமும் இழுக்கிற வண்டியைத்தான் விடுவார்கள்.) ஆக வருஷத்தில் ஒரு தடவை, அதிலும் கடைசி ஒன்றரை மணி நேரத்துக்காக ஒரு செட் பனி டயர். அதை மற்ற நாளெல்லாம் ஷெட்டில் வைக்க வேண்டும், இல்லையென்றால் அதிலேயே ஓட்டினால் அக்டோபர் வெயிலில் அந்த மெத்தென்ற ரப்பர் அழிப்பான் மாதிரிக் கரையும், காய்ந்த சூடான சாலையில் பிரேக் தூரமும் கூடும். டர்பன் பக்கம் குளிர்காலப் பகலே 22 டிகிரி, அங்கே போனால் அது வெறும் தண்டம்.

அந்தப் பணத்தை உங்கள் வண்டியில் ஏற்கெனவே ஓடுகிற டயரில் போடுங்கள் என்பதுதான் என் கட்சி. இங்கே சட்டப்படி பட்டன் 1 மில்லிமீட்டர் இருந்தால் போதும், ஆனால் 1 மில்லிமீட்டர் டயர் மழைக்கே லாயக்கில்லை, பனியில் அது மொட்டை டயர்தான். 4 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் மலைக்குப் போகும் முன் மாற்றுங்கள். மாற்றினால் நாலையும் மாற்றுங்கள், முடியாவிட்டால் புதுசு இரண்டையும் பின்னால் போடுங்கள். முன்சக்கரம்தானே இழுக்கிறது, புதுசை முன்னால்தானே போடணும் என்று கடையில் தினமும் ஒருவராவது சண்டைக்கு வருகிறார். முன்னால் வழுக்கினால் வண்டி நேராகப் போகும், காலை எடுத்தால் பெரும்பாலும் மீளும், பின்னால் வழுக்கினால் வண்டி சுழலும், அதைச் சாதாரண ஆள் பிடிக்க முடியாது. இதே காரணத்துக்காகத்தான் பனி டயரை இரண்டு மட்டும் வாங்கி முன்னால் போடுவது, ஒன்றும் போடாததைவிட மோசம். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

புது டயர் வாங்கப் போகிறீர்கள் என்றால் எல்லாக் காலத்துக்கும் ஆன, அந்த மலைப்பூச் சின்னம் போட்ட டயர் கிடைக்குமா என்று கடையில் கேட்டுப் பாருங்கள். மிஷலின் 2015-இல் ஐரோப்பாவில் கிராஸ்கிளைமேட் என்று ஒன்றைக் கொண்டுவந்ததிலிருந்து அந்த வகை நன்றாகத் தேறியிருக்கிறது, குட்இயர், கான்டினென்டல் எல்லாரும் செய்கிறார்கள். பனியில் சாதாரண டயரைவிட எவ்வளவோ மேல், வெயிலிலும் பனி டயர் போலக் கரையாது. மலையடிவாரத்தில் அண்டர்பெர்க், ஹிமெவில் பக்கம் குடியிருப்பவர், வாராவாரம் மலைக்குப் போகிறவர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு அதையே சொல்வேன். வருஷத்துக்கு ஒரு தடவைக்காக அதைத் தேடி அலைய வேண்டுமா என்பது உங்கள் இஷ்டம், எப்படியும் டயர் மாற்றுகிற நேரம் வந்திருந்தால் நல்ல யோசனை.

ரிம் அளவு கேட்டிருந்தீர்கள், அதையும் சொல்லிவிடுகிறேன், பின்னால் உதவும். உங்கள் டயர் 195/55 ஆர் 16. 195 மில்லிமீட்டர் அகலம், அதில் 55 சதவீதம் பக்கச் சுவர் உயரம், மேலும் கீழுமாக 214.5, அதோடு 16 அங்குல ரிம் 406.4, மொத்தம் 621 மில்லிமீட்டர் உயரம். 185/65 ஆர் 15-க்கு இதே கணக்கு 240.5 கூட்டல் 381, அதாவது 621.5. ஆக 15 அங்குலத்துக்கு இறங்கினாலும் ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது. ரிம் சின்னதாகி ரப்பர் கூடும், டயர் ஒரு விரல் ஒல்லியாகும், பனிக்கு அது நல்லது, ஃப்ரீ ஸ்டேட் சாலைக் குழிகளுக்கு அதைவிட நல்லது. அலாய் ரிம்மில் பக்கச் சுவர் குட்டையான டயர் மாட்டிக்கொண்டு குழியில் விட்டு, ஓரம் வெடித்து, ரிம்மும் வளைந்து கடைக்கு வருகிறவர்களால்தான் எங்கள் குடும்பம் ஓடுகிறது. பாரக் குறியீடு உங்களுடையது 87, அதாவது ஒரு டயர் 545 கிலோ தாங்கும், 88 என்றால் 560, 87-க்குக் கீழே மட்டும் இறங்காதீர்கள். கடைசி எழுத்து வேகம், டி என்றால் 190 கிலோமீட்டர், நம் சட்ட வேகம் 120 என்பதால் அது போதும், உங்கள் இன்சூரன்ஸ்காரர் ஒத்துக்கொள்கிறாரா என்று மட்டும் கேளுங்கள்.

15 அங்குல ஸ்டீல் ரிம் வாங்கினால் நாலு ஓட்டை 100 வட்டம், நடு ஓட்டை 54.1 அல்லது பெரிதாக இருந்தால் அதற்குச் சரியான வளையம், பிரேக் டிஸ்க்கைக் கவ்வுகிற கேலிபரில் உரசாத இடைவெளி, உள்தள்ளல் அளவு (ஆஃப்செட்) உங்கள் பழைய ரிம்மோடு ஒத்துப்போவது, இவ்வளவும் பார்க்க வேண்டும். வாங்குவதற்கு முன் ஒரு ரிம்மை மட்டும் மாட்டி, கையால் சுற்றி, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்துப் பாருங்கள், எந்தக் கணக்கும் அந்த இரண்டு நிமிஷத்துக்கு ஈடாகாது. நட்டின் முகம் கூம்பா உருண்டையா என்றும் பாருங்கள், ரிம்மின் குழியும் நட்டின் முகமும் ஒன்றாக இல்லாவிட்டால் இறுக்கியது போல இருக்கும், ஓடஓடத் தளரும். மாட்டின பிறகு 50, 100 கிலோமீட்டர் ஓடி மறுபடி முறுக்கிப் பார்க்க வேண்டும். பாரியில் நான் கற்ற முதல் பாடம் அது, ரசீதிலேயே எழுதித் தருவோம், பாதிப் பேர் திரும்பி வர மாட்டார்கள்.

உங்களுக்கு நான் வாங்கச் சொல்வது ஒரு ஜோடிச் சங்கிலி. முன்சக்கரம் இரண்டுக்கும், டயர் அளவு சொல்லி வாங்க வேண்டும். அதற்கு முன்னால் வண்டியோடு வந்த புத்தகத்தில் உங்கள் டயர் அளவுக்குச் சங்கிலி போடலாம் என்று இருக்கிறதா பாருங்கள், சில வண்டிகளில் உள்பக்கம் இடமில்லாமல் பிரேக் ஹோஸில் உரசும், போடாதே என்றே எழுதியிருப்பார்கள். அப்படியிருந்தால் துணியால் ஆன உறை உண்டு, டயருக்குக் காலுறை போட்டது போல இருக்கும், தாரில் ஓட்டினால் சீக்கிரம் கிழியும், ஆனால் அந்தக் கடைசி ஏற்றத்துக்குத் தாங்கும். சங்கிலி போட்டால் 50-ஐத் தாண்டாதீர்கள், காய்ந்த தார் வந்ததும் கழற்றிவிடுங்கள். முக்கியமாக, வீட்டு வாசலிலேயே மூன்று தடவை மாட்டிக் கழற்றிப் பழகுங்கள், கையுறை போட்டுக்கொண்டு, ஒரு தடவை இருட்டில். மைனஸ் ஐந்தில், காற்றில், பிள்ளைகள் உள்ளே அழுதுகொண்டிருக்கும்போது முதல் தடவையாக அந்த டப்பாவைப் பிரித்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. முன்னால் மட்டும் சங்கிலி இருப்பதால் இறக்கத்தில் பின்பக்கம் வீசப் பார்க்கும், முதல் கியரில் ஊர்ந்து வாருங்கள், பிரேக்கைத் தடவத்தான் வேண்டும், மிதிக்கக் கூடாது.

காத்து விஷயத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது. குளிர்ந்தால் டயரில் காத்து குறையும் என்று எல்லாருக்கும் தெரியும், ஐந்தரை டிகிரிக்கு ஒரு பி.எஸ்.ஐ. வாக்கில். மலை ஏறினால் வெளிக் காற்றின் அழுத்தம் குறைவதால் கேஜ் கூட்டிக் காட்டும் என்பது பலருக்குத் தெரியாது. ஜோகன்னஸ்பர்கில் 20 டிகிரியில் 2.2 பார் (32 பி.எஸ்.ஐ.) அடித்துக் கிளம்பினால், மேலே மைனஸ் 5-இல் குளிரால் கால் பார் போகும், உயரத்தால் அதில் பாதி திரும்பி வரும், காலையில் 2.07 வாக்கில் காட்டும். டர்பனிலிருந்து போனால் இரண்டும் கழிந்து போட்டது போட்டபடியே இருக்கும். ஆகவே புத்தகத்தில் முழுப் பாரத்துக்குச் சொன்ன அளவை வைத்துக் கிளம்புங்கள், மேலே காலையில் ஒரு தடவை பாருங்கள், போதும். பனியில் காத்தை இறக்கிவிட்டால் பிடிக்கும் என்று மணலில் பக்கி ஓட்டுகிற நண்பர்கள் சொல்வார்கள். ஆழமான பனியில் அதில் ஏதோ உண்மை இருக்கலாம், தார் மேல் மெல்லிய பனிக்கு நான் செய்ய மாட்டேன், அடுத்த குழியில் ரிம் போய்விடும். டிக்கியில் மணல் மூட்டை போடச் சொல்வதும் அப்படித்தான், அது பின்சக்கரம் இழுக்கிற பக்கிக்கு. உங்கள் வண்டியில் பின்னால் பாரம் ஏற ஏற முன்சக்கரத்துப் பிடி குறையும், ஏற்றத்தில் இன்னும் குறையும், ஆகவே கனமான பெட்டியை டிக்கியின் கோடியில் வைக்காமல் இருக்கைக்குப் பக்கமாக வையுங்கள். அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான், டர்போ இல்லாத இஞ்சின் மூச்சு வாங்கும், ஓவர்டேக் நினைப்பே வேண்டாம்.

கடைசியாக டயருக்குச் சம்பந்தமில்லாத ஒன்று, ஆனால் நீங்கள் கேட்காமல் கேட்டது அதுதான். 2024 செப்டம்பர் 20, 21-இல் ஹாரிஸ்மித், வான் ரீனன் பக்கம் என்3-இல் பனி கொட்டியது, உங்களுக்கும் நினைவிருக்கும். நெடுஞ்சாலையை மூடினார்கள், ராத்திரி முழுக்க ஜனம் வண்டிக்குள்ளேயே கிடந்தது. அன்றைக்கு நாலு சக்கரத்திலும் பனி டயர் போட்டிருந்தாலும் என்ன செய்திருக்க முடியும், முன்னால் லாரி குறுக்கே நின்றால் நின்றதுதான். ஆகவே வானிலை எச்சரிக்கை வந்தால் கிளம்பாதீர்கள், முன்பணம் போனால் போகட்டும். நான் இங்கே கீழே உட்கார்ந்துகொண்டு அன்றைக்கு மோட்டெங் எப்படியிருக்கும் என்று சொல்ல முடியாது, விடுதிக்குப் போன் போட்டு அன்று காலை சின்ன வண்டி ஏதாவது ஏறி வந்ததா என்று கேளுங்கள், "சாலை திறந்திருக்கிறதா" என்று கேட்டால் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். பத்து மணிக்கு மேல், நிழல் வளைவிலும் கொஞ்சம் வெயில் பட்ட பிறகு ஏறுங்கள், நாலு மணிக்குள் அன்றைய ஓட்டத்தை முடியுங்கள். புத்தா-புத்தேயில் டேங்க்கை நிரப்புங்கள். ஆளுக்கொரு கம்பளி, தண்ணீர், மண்வெட்டி ஒன்று, கட்டுச்சோறு. புளியோதரை குளிரில் இரண்டு நாள் கெடாது. ராத்திரி நிறுத்தும்போது ஹேண்ட்பிரேக் போடாமல் கியரில் நிறுத்திச் சக்கரத்துக்குக் கல் வையுங்கள், பிரேக் உறைந்து ஒட்டிக்கொள்ளும். கூலன்ட் வெறும் தண்ணீராக இருந்தால் கிளம்பும் முன் மாற்றிவிடுங்கள்.

அப்புறம் உங்கள் வண்டியில் இப்போது ஓடுகிற நாலு டயரின் அந்த நாலு எண்ணையும், பட்டனில் ஒரு ராண்டு நாணயம் செருகி எடுத்த படத்தையும் போடுங்கள், ஓட்டலாமா மாற்றணுமா என்று சொல்கிறேன். ஸ்டெப்னியையும் வெளியே எடுத்துப் பாருங்கள், போன வாரம்கூட ஒருவர் வந்தார், ஆறு வருஷமாக அதற்குக் காத்தே அடிக்கவில்லை.